கை நல்லா வருதுன்னா கணக்கு வேண்டாமா?

புது வண்ணாரப்பேட்டையில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் சாயங்காலம் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தருகிறேன். 2021 கடைசியில் தமிழ்நாடு அரசின் மாலைநேர வகுப்புத் திட்டமான இல்லம் தேடிக் கல்வி தொடங்கியபோது தன்னார்வலராகச் சேர்ந்தேன், மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகை. முதலில் சின்னப் பிள்ளைகள்தான் வந்தார்கள். அவர்களோடு அண்ணன், அக்கா எல்லாம் ஒட்டிக்கொண்டு வர ஆரம்பித்து, இப்போது மூன்றாவதிலிருந்து பத்தாவது வரை கலவையாக உட்கார்ந்திருக்கிறார்கள். பாதிப் பேர் காசிமேட்டுப் பக்கம், மீதி அக்கம்பக்கத்துத் தெருக்கள். நான் பி.எஸ்சி. கணிதம், பி.எட். கிடையாது. அதனால் கீழே எழுதியிருப்பதைப் பள்ளிக்கூட ஆசிரியர்கள் படித்தால் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள், நான் பார்த்ததைத்தான் எழுதுகிறேன்.

பிள்ளைகளைப் பற்றி இங்கே இரண்டு வாக்கியங்களை அடிக்கடி கேட்கிறேன். ஒன்று பழசு: "மண்டைல ஒண்ணும் ஏறல மிஸ்ஸு." இதைச் சமாளித்துவிடலாம், ஏனென்றால் சொல்கிற அம்மாவுக்கே அதில் முழு நம்பிக்கை இருக்காது, ஒரு வாரத்தில் பையன் ஏதாவது சரியாகச் செய்து காட்டினால் முகம் மாறிவிடும். இரண்டாவது புதுசு: "படிப்பு வரலன்னா இன்னா, அவனுக்கு வேற திறமை கீது." கேட்க நன்றாக இருக்கிறது, பெருந்தன்மையாக இருக்கிறது, இப்போது ஆசிரியர்களும் சொல்கிறார்கள், மொபைலில் வருகிற மோட்டிவேஷன் பேச்சாளர்களும் சொல்கிறார்கள். எனக்குப் பயம் இந்த இரண்டாவது வாக்கியத்தின் மேல்தான்.

அந்தப் பேச்சுக்கு மூலம் என்ன என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1983ல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹோவர்ட் கார்ட்னர் என்ற உளவியலாளர், அறிவு என்பது ஒரே எண்ணில் அடங்குகிற ஒன்று இல்லை, பல வகை இருக்கிறது என்று எழுதினார். மொழி, தர்க்கமும் கணக்கும், இடம் வடிவம் பற்றிய உணர்வு, இசை, உடலைக் கையாளும் திறன், மற்றவர்களைப் புரிந்துகொள்வது, தன்னைப் புரிந்துகொள்வது என்று முதலில் ஏழு. பிறகு தாவரம், விலங்கு, வானிலை மாதிரி இயற்கையைக் கவனித்துப் பிரித்தறியும் திறனையும் எட்டாவதாகச் சேர்த்துக்கொண்டார். பள்ளிக்கூடம் முதல் இரண்டுக்கு மட்டும்தான் மார்க் போடுகிறது என்பது அவருடைய குறை. ஆசிரியர்களுக்கு இது உடனே பிடித்துப்போனது. உளவியல் ஆராய்ச்சியாளர்களில் பலருக்குப் பிடிக்கவில்லை. 1904லேயே ஸ்பியர்மேன் என்பவர், ஒரு பாடத்தில் நன்றாகச் செய்கிற பிள்ளைகள் மற்றதிலும் ஓரளவு நன்றாகவே செய்கிறார்கள், எல்லாவற்றுக்கும் அடியில் பொதுவாக ஏதோ ஒன்று இருக்கிறது என்று கணக்குப் போட்டுக் காட்டியிருந்தார். கார்ட்னர் சொல்கிற வகைகள் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத தனித்தனி அறைகள் என்பதற்குச் சோதனைகளில் போதுமான ஆதாரம் கிடைக்கவில்லை என்பது இவர்கள் வாதம். நான் இந்தச் சண்டைக்குள் போகவில்லை. ஒரு பிள்ளையைக் கவனித்துப் பார்ப்பதற்கு அந்தப் பட்டியல் உதவுகிறது, பிள்ளையை ஒரு பெட்டியில் போட்டு மூடுவதற்கு உதவாது, என் அனுபவத்தில் அவ்வளவுதான்.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். "இவ பார்த்துப் படிக்கிறவ, அவன் கேட்டுப் படிக்கிறவன், இவன் செஞ்சு படிக்கிறவன்" என்று பிரிப்பது கார்ட்னர் சொன்னது இல்லை, இரண்டும் வேறு என்று அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். பிள்ளையின் 'பாணி'க்கு ஏற்றபடி பாடம் நடத்தினால் நன்றாகக் கற்கும் என்பதற்குத் தகுந்த ஆதாரம் இல்லை என்று 2008ல் உளவியலாளர்கள் சிலர் அதுவரை வந்த ஆய்வுகளை அலசிப் பார்த்துச் சொன்னார்கள். எனவே உங்கள் பிள்ளையின் பள்ளியில் அப்படி ஒரு ஃபார்ம் கொடுத்தால் நிரப்பிக் கொடுத்துவிட்டு மறந்துவிடுங்கள்.

சரி, மாடிக்கு வருகிறேன்.

எங்கள் பக்கம் கேரம் எப்படி என்று வெளியாட்களுக்குச் சொன்னால் நம்பமாட்டார்கள். தெருவுக்கு ஒரு போர்டு, மேலே ஒரு பல்பு, சுற்றி ஆட்கள். வியாசர்பாடி இளவழகி 2008ல் உலக சாம்பியன். எங்கள் புது வண்ணாரப்பேட்டையின் காசிமா 2024ல் அமெரிக்காவில் நடந்த உலகப் போட்டியில் மூன்று தங்கம் வாங்கி வந்தார், அப்பா ஆட்டோ ஓட்டுநர். அந்த வாரம் இங்கே எல்லா வீட்டிலும் பெண் பிள்ளைகளை போர்டு பக்கம் விட ஆரம்பித்தார்கள். அப்படிப்பட்ட ஊரில் என்னிடம் படிக்கிற ஒரு பத்தாம் வகுப்புப் பையன் நன்றாகவே ஆடுவான். எதிர்க்கட்டையில் அடித்துத் திருப்பி, தன் பக்கம் ஒளிந்திருக்கிற காயை எடுப்பதில் அவன் கில்லாடி. அதே பையன் வடிவொத்த முக்கோணம் என்றால் புத்தகத்தை மூடி வைத்துவிடுவான்.

இங்கேதான் எல்லோரும் ஒரு அழகான கதையை எதிர்பார்ப்பார்கள்: போர்டைக் காட்டினேன், பையனுக்கு வடிவியல் பளிச்சென்று புரிந்தது என்று. அப்படி எதுவும் நடக்கவில்லை. போர்டில் காட்டினால் போர்டில் புரிந்தது, நோட்டில் எழுதினால் மறுபடி ஒன்றும் இல்லை. அவன் கண்ணும் கையும் ஏற்கெனவே கண்டுபிடித்து வைத்திருப்பதற்குத் தாளில் என்ன பெயர், எந்தக் கோடு எதற்குச் சமம் என்பதை ஒவ்வொன்றாக நான்தான் இணைத்துக் கொடுக்க வேண்டியிருந்தது. செய்த விதத்தைச் சொல்கிறேன், யாருக்காவது உதவும். ஸ்ட்ரைக்கர் எதிர்க்கட்டையிலிருந்து 60 செ.மீ. தூரத்தில், காய் அதே கட்டையிலிருந்து 20 செ.மீ. தூரத்தில், இரண்டுக்கும் பக்கவாட்டில் 40 செ.மீ. இடைவெளி. கட்டையில் எந்த இடத்தில் அடித்தால் திரும்பி வந்து காயைத் தொடும்? அவன் யோசிக்காமல் விரல் வைத்துக் காட்டினான். சாக்பீஸால் அங்கே புள்ளி வைத்து அளந்தோம், ஸ்ட்ரைக்கர் பக்கத்திலிருந்து கிட்டத்தட்ட 30, காய்ப் பக்கத்திலிருந்து 10. போகிற கோணமும் திரும்புகிற கோணமும் ஏறக்குறைய ஒன்று, அதனால் இரண்டு முக்கோணங்கள், பக்கங்கள் 60க்கு 20, 30க்கு 10, விகிதம் மூன்றுக்கு ஒன்று. ("ஸ்பின் போட்டா மாறும் மிஸ்" என்றான். மாறும்தான், அது பாடத்தில் இல்லை என்றேன்.) அப்புறம் போர்டைத் தூக்கி வைத்துவிட்டு அதே படத்தைத் தாளில் வரையச் சொன்னேன். அப்புறம் கேரம் என்ற சொல்லே இல்லாமல், விளக்குக் கம்பமும் நிழலுமாக வருகிற புத்தகக் கணக்கு. இந்த மூன்றாவது படிக்கு வர நிறைய நாள் ஆனது, நடுவில் அவனுக்குச் சலிப்பு, எனக்கும்தான். ஆனால் போர்டோடு நின்றிருந்தால் அது விளையாட்டாகவே போயிருக்கும். பல பள்ளிகளில் 'செயல்பாடு' என்ற பெயரில் முதல் படியை மட்டும் செய்துவிட்டு போட்டோ எடுத்து குரூப்பில் போட்டுவிடுகிறார்கள் என்பது என் மனத்தாங்கல்.

ஒரு இடத்தில் இருக்கிற கெட்டிக்காரத்தனம் இன்னொரு இடத்துக்குத் தானாக நடந்து வராது என்பதைப் பிரேசிலில் 1985லேயே எழுதிவைத்திருக்கிறார்கள். ரெசிஃபே நகரத் தெருக்களில் தேங்காய், பழம் விற்கிற பிள்ளைகள் ஐந்து பேர். வாடிக்கையாளர் மாதிரி போய் விலை கேட்டபோது மனக்கணக்கில் 98 சதவீதம் சரி. அதே எண்களைத் தாளில் வெறும் கணக்காகக் கொடுத்தபோது 37 சதவீதம்தான். 2025ல் பொருளாதார அறிஞர்கள் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ எல்லாம் சேர்ந்த ஒரு குழு கொல்கத்தா, தில்லி சந்தைப் பிள்ளைகளிடம் இதையே பெரிய அளவில் பார்த்தது. சந்தையில் கலக்குகிற பிள்ளைகள் பள்ளிக் கணக்கில் தடுமாறினார்கள், அதோடு இன்னொன்றும் தெரிந்தது, பள்ளிக் கணக்கு நன்றாகப் போடுகிற பிள்ளைகள் சந்தைக் கணக்கில் தடுமாறினார்கள். இந்த இரண்டாவது பாதியை யாரும் பேசுவதில்லை.

என் மாடியிலேயே இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது. ஏழாவது படிக்கிற ஒரு பெண், அம்மா மீன் விற்கிறார், லீவு நாளில் இவளும் கூடையோடு உட்காருவாள். சங்கரா கிலோ 340, முக்கால் கிலோ எவ்வளவு என்றால் மூச்சுவிடுகிற நேரத்தில் பதில் வரும்: "அர கிலோ 170, கால் 85, 255. 250 குடுக்கா, சில்லற வேணாம்." நோட்டில் 340ஐ 0.75ஆல் பெருக்கு என்றேன். 25500 என்று எழுதினாள். புள்ளியைக் காணோம், ஆனால் எனக்கு உறைத்தது அது இல்லை. முக்கால் கிலோ மீனுக்கு இருபத்தைந்தாயிரம் ரூபாய் என்பது அவளை உறுத்தவே இல்லை. நோட்டில் இருக்கிற எண்ணுக்கும் கூடையில் இருக்கிற மீனுக்கும் சம்பந்தம் உண்டு என்று அவளுக்கு யாரும் சொன்னதில்லை. பக்கத்தில் இருந்த பெண் புள்ளியைச் சரியாக வைத்தாள், கடையில் கேட்டால் வாய் திறக்கமாட்டாள்.

அன்றிலிருந்து மாடியில் ஒரு வழக்கம். எந்தக் கணக்கானாலும் முதலில் விடை சுமாராக எவ்வளவு வரும் என்று வாயால் சொல்ல வேண்டும், அப்புறம்தான் பேனா. மீன்காரப் பெண் வாயால் சொன்ன வழியை அப்படியே எழுதவைத்தேன்: 340ல் பாதி, பாதியில் பாதி, இரண்டையும் கூட்டு. அதற்குக் கீழே 1/2 + 1/4 = 3/4. அதற்குக் கீழே 0.50 + 0.25 = 0.75. பின்னமும் தசமமும் தனக்கு ஏற்கெனவே தெரியும் என்று அவளுக்குத் தெரிந்த அன்றைக்கு அவள் வாங்கிய மார்க்கை விட அவள் பேசிய பேச்சு அதிகம். மற்றப் பெண்ணுக்கு நேர் எதிர் வேலை, அவளைக் கடைக்கு அனுப்பினேன், துண்டுச் சீட்டு இல்லாமல்.

கானா பாடுகிற ஒரு பையன் இருக்கிறான், ஒன்பதாவது. எந்நேரமும் விரல் எதையாவது தட்டிக்கொண்டிருக்கும், பெஞ்ச், டிபன் பாக்ஸ், பக்கத்துப் பையன் முதுகு. பள்ளியில் அதற்காகவே வெளியே நிற்பான். இந்தத் தாளத்தை வைத்து வாய்ப்பாடு மனப்பாடம் செய்யவைக்கலாம் என்று எல்லோரும் சொல்வார்கள், செய்யலாம்தான், ஆனால் பாட்டாகப் பாடி மனப்பாடம் செய்த வாய்ப்பாட்டில் ஏழெட்டு எவ்வளவு என்று கேட்டால் ஏழொன்று ஏழு என்று முதலிலிருந்து பாடிக்கொண்டு வருவான். இசை உண்மையிலேயே வேலை செய்த இடம் வேறு. தமிழ் இலக்கணத்தில் அலகிடுதல், அதாவது செய்யுளை அசை அசையாகப் பிரிப்பது. நேர், நிரை, தேமா, புளிமா என்றால் வகுப்பே கொட்டாவி விடும், இவனுக்கு அது தாளக்கட்டாகத் தெரிந்தது, ஏனென்றால் அது தாளக்கட்டேதான். நேர் என்றால் ஒரு தட்டு, நிரை என்றால் படபடவென்று இரண்டு தட்டு. அக/ர, முத/ல, எழுத்/தெல்/லாம். புளிமா, புளிமா, புளிமாங்காய். ஆ/தி வந்ததும் கை தானாக மாறியது, தேமா. கடைசியில் 'உலகு' என்று முடிகிற இடத்தில் "மிஸ், இது மட்டும் கட்டாகுது" என்றான், ஈற்றுச் சீருக்குத் தனி வாய்பாடு, அது 'பிறப்பு' என்று சொன்னதும் நாள், மலர், காசு, பிறப்பு நான்கையும் தட்டிப் பார்த்துக்கொண்டான். ஆனால் எது குறில் எது நெடில் என்பதும் ஒற்றைத் தனியாக எண்ணக்கூடாது என்பதும் தாளத்தில் வராது, அதைப் படித்துத்தான் ஆகவேண்டும், படித்தான். இப்போது மற்றவர்களுக்கு அவன்தான் அலகிடச் சொல்லித் தருகிறான், சத்தம் கொஞ்சம் அதிகம், கீழ்வீட்டுப் பாட்டி இரண்டொரு தடவை மேலே வந்துவிட்டுப் போனார்.

மற்றவர்களைப் புரிந்துகொள்ளும் அறிவு என்று கார்ட்னர் சொல்வது எங்கள் பக்கத்துப் பெண் பிள்ளைகளிடம் கொட்டிக் கிடக்கிறது, அதை யாரும் அறிவு என்று எண்ணுவதே இல்லை, 'பொறுப்பான பொண்ணு' என்று சொல்லி வீட்டு வேலையை அதிகமாகக் கொடுத்துவிடுவார்கள். என்னிடம் எட்டாவது படிக்கிற ஒருத்தி, எந்தப் பிள்ளை எங்கே சிக்கிக்கொண்டு நிற்கிறது என்பதை முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவாள். நான் மூன்று விதமாக விளக்கியும் ஏறாததை அவள் ஒரு கேள்வி கேட்டுப் புரியவைப்பாள். அவளைச் சின்னப் பிள்ளைகளோடு உட்காரவைக்கிறேன், ஆனால் ஒரு நாளில் பாதி நேரம்தான். மீதி நேரம் அவள் பாடத்தை அவள் படிக்க வேண்டும். இதில் நான் கறார். நல்லாப் பார்த்துக்கிறா என்பதற்காக ஒரு பெண்ணின் படிப்பு நேரத்தை மற்றவர்கள் எடுத்துக்கொள்வதை வீட்டிலேயே போதுமான அளவு பார்த்தாகிவிட்டது.

நான் ஆரம்பப் பள்ளி படித்தது மாநகராட்சிப் பள்ளியில், செயல்வழிக் கற்றல் வந்த புதிதில். 2003ல் எம்.பி. விஜயகுமார் மாநகராட்சி ஆணையராக இருந்தபோது சென்னைப் பள்ளிகளில் தொடங்கியது அது, பிறகுதான் தமிழ்நாடு முழுக்கப் போனது. பெஞ்ச் கிடையாது, தரையில் வட்டமாக உட்காருவோம், எங்கள் உயரத்துக்குச் சுவரில் ஆளுக்கொரு கரும்பலகைத் துண்டு, தலைக்கு மேலே கம்பிப் பந்தல், அதில் நாங்கள் வரைந்ததெல்லாம் தொங்கும். எந்த அட்டைக்கு அப்புறம் எது என்று காட்டுகிற ஏணிப்படிப் படத்தைப் பார்த்து அவரவர் அட்டையை அவரவரே எடுத்துச் செய்ய வேண்டும், உனக்கு முன்னால் அவள் போய்விட்டாள் என்று யாரும் திட்டமாட்டார்கள். எனக்குக் கணக்கு பிடித்தது அந்த அட்டைகளால்தான் என்று இன்றும் நினைக்கிறேன். அதே வகுப்பில் ஒரே அட்டையோடு பல நாள் உட்கார்ந்திருந்த பிள்ளைகளும் இருந்தார்கள், டீச்சருக்கு எல்லோர் பக்கமும் வர நேரம் இல்லை. ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு வழி என்று விடுவது சுலபம், அந்த வழியில் அவர்கள் போய்ச் சேர்ந்தார்களா என்று பார்ப்பதற்கு ஆள் வேண்டும். தன்னார்வலராக இருக்கும்போது இது இன்னும் நன்றாகத் தெரிகிறது.

இப்போது ஏன் எனக்கு அந்த 'வேற திறமை' வாக்கியத்தின் மேல் பயம் என்பதற்கு வருகிறேன். ஏப்ரல் 15லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் எல்லாம் கரையில், எஞ்சின் பிரிப்பது, பெயின்ட் அடிப்பது, வலை சரிசெய்வது என்று வேலை நடக்கும். என்னிடம் வருகிற ஒரு பையன் அந்த இரண்டு மாதமும் அப்பாவோடு படகில்தான் இருப்பான். எஞ்சினைப் பிரித்து எந்த போல்ட் எங்கே போகும் என்று வரைந்து வைத்திருந்தான், அளவுகூடத் தப்பவில்லை. வாடைக் காற்று, கச்சான், கொண்டல் எல்லாம் அவனுக்கு உடம்பிலேயே தெரியும், காற்று எந்தப் பக்கம் என்று கேட்டால் முகத்தைத் திருப்பிப் பார்க்காமலே சொல்வான். பள்ளியில் பெற்றோர் கூட்டத்தில் அவன் அப்பாவிடம் சொன்னார்களாம்: இவனுக்குப் படிப்பு வராது, ஆனால் கைத்திறன் சம்பந்தப்பட்ட அறிவு இருக்கிறது, அந்த வழியில் விட்டுவிடுங்கள். அப்பா சந்தோஷமாக வந்து என்னிடம் சொன்னார், "கைக்காரன் மிஸ்ஸு, அவங்களே சொல்ட்டாங்க."

1953ல் ராஜாஜி கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டம் என்ன சொன்னது? பள்ளியில் மூன்று மணி நேரம், மீதி நேரம் அப்பா செய்கிற தொழிலைக் கற்றுக்கொள். குலக்கல்வி என்று பெயர் வாங்கி, பெரிய போராட்டம் நடந்து, 1954ல் காமராஜர் வந்ததும் எடுத்தார்கள். எழுபது வருடம் கழித்து அதையே அமெரிக்க உளவியல் பெயரோடு சொன்னால் நமக்கு உறைக்கவில்லை. அண்ணா நகரில் ஒரு டாக்டர் வீட்டுப் பையனுக்குக் கை நன்றாக வந்தால் சர்ஜன் ஆவான் என்பார்கள், காசிமேட்டுப் பையனுக்குக் கை நன்றாக வந்தால் வெல்டிங் கடை என்பார்கள். கை ஒன்றுதான். வெல்டிங்கோ படகோ கேவலம் என்று சொல்லவில்லை, என் அப்பாவும் லேத் பட்டறையில்தான் இருந்தார். ஆனால் ஐடிஐயில் ஃபிட்டர் சேர்ந்தால்கூட ஒர்க்‌ஷாப் கால்குலேஷன் என்று கணக்கும் அறிவியலும் இருக்கிறது, இன்ஜினியரிங் டிராயிங் இருக்கிறது. பின்னமும் விகிதமும் தெரியாத கைக்காரன் யாருக்கோ உதவியாளாகவே கடைசிவரை இருப்பான். இதை அந்த அப்பாவிடம் சொன்னபோது அவர் கோபப்படவில்லை, "நானே அப்டித்தான கீறேன்" என்றார்.

இதே மாதிரி அப்பா அம்மாக்களிடம்தான் கைரேகைக் கும்பலும் வருகிறது. பிள்ளையின் பத்து விரல் ரேகையையும் ஸ்கேன் செய்து, எந்த வகை அறிவு எத்தனை சதவீதம், எந்தப் படிப்புக்குப் போகலாம் என்று கலர் கலராக ரிப்போர்ட் தருவார்கள், சில ஆயிரம் ரூபாய். எங்கள் தெருவிலேயே சீட்டுப் பணத்தை எடுத்துக் கட்டியவர்கள் உண்டு. அதில் கார்ட்னர் பெயரையும் போட்டுக்கொள்வார்கள். ரேகையும் மூளையும் கருவில் ஒரே அடுக்கிலிருந்து வளர்கின்றன, அதனால் ரேகையைப் பார்த்தால் மூளை தெரியும் என்பது அவர்கள் விளக்கம். அதே அடுக்கிலிருந்துதான் தலைமுடியும் பல்லின் எனாமலும் வருகின்றன, அப்படியானால் சலூனிலேயே ரிப்போர்ட் கொடுக்கலாம். இந்தச் சோதனைக்கு அறிவியல் அடிப்படை இல்லை என்று இந்திய மனநல மருத்துவர் சங்கமே சொல்லியிருக்கிறது. இன்னும் பிறக்காத குழந்தைக்கு வந்த சுழியை வைத்து, பதினைந்து வயதில் அவள் காமர்ஸ் எடுக்கலாமா என்று முடிவு செய்யாதீர்கள். அந்தப் பணத்துக்கு வருடம் முழுக்க நூலகக் கதைப் புத்தகமும் ஒரு நல்ல கேரம் போர்டும் வாங்கலாம். அறிவை அளக்கும் சோதனையை முதலில் உருவாக்கிய பினேயும் சிமோனும் 1905ல் பாரிஸில் அதைச் செய்தது எந்தப் பிள்ளைக்குக் கூடுதல் உதவி தேவை என்று கண்டுபிடிக்கத்தான். யாரை எங்கே ஒதுக்கலாம் என்று பார்க்க அதைப் பயன்படுத்தியது பின்னால் வந்தவர்கள்.

பிள்ளைக்கு என்ன வரும் என்று தெரிந்துகொள்ள நான் செய்வதெல்லாம் சாதாரணம்தான். பாடம் இல்லாத நேரத்தில் என்ன செய்கிறான் என்று பார்ப்பேன். யாருக்காவது எதையாவது சொல்லிக்கொடுக்கச் சொல்வேன், கில்லி விதியாக இருந்தாலும் சரி, அதிலேயே பாதி தெரிந்துவிடும். ஒரே கேள்வியை ஒரு தடவை வாயால், ஒரு தடவை படமாக, ஒரு தடவை தாளில் எழுதிக் கொடுப்பேன். ஆனால் 'நீ இந்த வகை' என்று பிள்ளையிடம் சொல்லவே மாட்டேன். சொன்னால் அதற்குள் போய் உட்கார்ந்துகொள்கிறார்கள், "எனக்கு மியூசிக் அறிவு மிஸ், சயின்ஸ் வராது" என்று சாக்கு தயாராகிவிடுகிறது.

படகுப் பையன் விஷயத்தில் தெரியவந்ததும் இப்படித்தான். கேள்வியை நான் படித்துச் சொன்னால் பதில் டக்கென்று வருகிறது, அவனே படித்தால் வரவில்லை. ஒன்பதாவது படிக்கிறவன் ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் படிக்கிறான், ஒரே வார்த்தையை ஒரே பக்கத்தில் மூன்று விதமாக எழுதுகிறான். முதலில் கண்ணைப் பரிசோதிக்கச் சொன்னேன், கண்ணாடி தேவையென்றால் பள்ளி மூலம் இலவசமாகவே கிடைக்கும், கண்ணில் குறை இல்லை. அப்புறம்தான் டிஸ்லெக்ஸியாவாக, அதாவது படிப்பதிலும் எழுதுவதிலும் வருகிற கற்றல் குறைபாடாக இருக்கலாமோ என்று பேச்சு வந்தது. இத்தனை வருடம் 'வேற திறமை' என்று சொல்லிச் சொல்லியே யாரும் அதைப் பார்க்காமல் விட்டிருக்கிறார்கள். டிஸ்லெக்ஸியாவும் அடங்குகிற 'குறிப்பிட்ட கற்றல் குறைபாடு' 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் இருக்கிறது. சான்றிதழ் இருந்தால் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் கூடுதலாக ஒரு மணி நேரம், சொல்வதை எழுதுபவர், ஒரு மொழிப் பாடத்திலிருந்து விலக்கு என்று சலுகைகள் உண்டு, தலைமையாசிரியர் வழியாகத் தேர்வுத்துறைக்கு விண்ணப்பிக்க வேண்டும். மெட்ராஸ் டிஸ்லெக்ஸியா அசோசியேஷன் நம் ஊரிலேயே இருக்கிறது, எப்படிப் படிக்கச் சொல்லித்தருவது என்று ஆசிரியர்களுக்கும் பயிற்சி தருகிறார்கள்.

இதெல்லாம் பத்தாவது வந்தபிறகு ஓடினால் நடக்காது, ஒன்பதாவதிலேயே ஆரம்பித்துவிட வேண்டும். பழைய நோட்டுகளைத் தூக்கிப் போடாதீர்கள், மூன்றாவது நான்காவது படிக்கும்போது எழுதிய நோட்டு இருந்தால் பரிசோதிக்கிறவர்களுக்கு உதவும். அவன் அம்மா பரணிலிருந்து ஒரு கோணிப்பை நிறைய எடுத்து வந்திருக்கிறார், பாதி செல்லரித்தது, மீதியை வருடவாரியாகப் பிரித்து வைத்திருக்கிறோம். அரசு மருத்துவமனையில் பார்க்க அப்பாவும் வரவேண்டும், தடைக்காலம் முடிந்து படகு கிளம்புவதற்கு முன்னால் ஒரு நாள் எடுத்துத் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.